பெட்டி வீட்டுத் தூசி

துந்துபி வருடம், மாசி 14, ஞாயிறு

இது இரண்டாவது நோட்டு. முதல் நோட்டில் முதல் பக்கத்தில் எழுதியதையே இதிலும் எழுதச் சொன்னேன். சொல்வது சின்னக்கண்ணு, எழுத்துத் தெரியாதவன். எழுதுவது மருமகள் அத்தாயி, மிஷன் பள்ளிக்கூடத்தில் நாலு வருடம் படித்தவள். கட்டிக்கொண்டு வந்த இடத்தில் எழுத்து மறந்துவிடும் என்று அவளுக்குப் பயம். எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது, கேட்கத்தான் ஆள் இல்லை. பேத்தி பாப்பாத்தி மதியம் தூங்கும் நேரத்தில் நோட்டைப் பிரிக்கிறோம்.

காற்று இன்றும் நிற்கவில்லை. கீழ்நாட்டுப் புழுதியையும் சரிவில் எரிந்த காட்டின் சாம்பலையும் சேர்த்து அள்ளிக்கொண்டு மலைமேல் வருகிறது. காலையில் மெழுகிய தரை மதியத்துக்குள் மண்ணாகிவிட்டது. பானை மூடியில் விரலால் கோடு போடலாம். கார்த்திகைக்குப் பிறகு ஒரு தூறல் இல்லை.

நாளைக்கழித்துக் காப்புக் கட்டு. அட்டாலியை, கூரைக்கடிப் பரணை, நிமிர்ந்து பார்த்தாலே முட்டி வலிக்கிறது. ஏழு ஊருக்கும் பொதுவான சாமிப் பெட்டி என் பாட்டன் காலத்திலிருந்து எங்கள் வீட்டு அட்டாலியில்தான் இருக்கிறது. காப்புக் கட்டி எட்டாம் நாள் அது இறங்கி ஏழு ஊரையும் சுற்றி வரும். அதற்குள் வீட்டில் மூத்த ஆம்பிளை ஈர வேட்டியோடு ஏறி அட்டாலியைக் கூட்டவேண்டும். கூட்டின தூசியைக் கொட்டக்கூடாது. சலித்து, மஞ்சள் கலந்து, கலயத்தில் சேர்க்கவேண்டும். பெட்டி நிற்கும் வாசலில் எல்லாம் அதைத்தான் நெற்றியில் பூசுவார்கள். பிறந்த பிள்ளைக்கு முதல் பூச்சு.

மகன் செங்கோடன் கீழ்நாட்டுச் சந்தையிலிருந்து ஒரு மூட்டை பச்சரிசி தோளில் சுமந்து வந்தான். சாமிப் பொங்கலுக்கு எங்கள் வீட்டு அரிசி வேண்டும், இந்த வருடம் வயல் காய்ந்துவிட்டது. ஆடு கோழிக்கு எட்டாமல் அட்டாலியில் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறான்.

பங்காளி காளியண்ணன் வந்து பார்த்துவிட்டுப் போனான். சித்தப்பன் மகன். பெட்டியின்மேல் அவனுக்கு எப்போதும் ஒரு கண்.

"ஏனுங்கண்ணா, ஏறதுக்கு ஏணி போதுங்களா, இல்ல தூக்கியுட நாலு ஆளு வேணுங்களா?" என்றான். "முடியலீன்னா சொல்லுங்க. எங்கூட்டு அட்டாலியும் பெட்டியத் தாங்கும்."

"உங்கூட்டு அட்டாலி உம் பேச்சையே தாங்காம வளஞ்சு கெடக்குது" என்றேன். அவன் பெண்சாதி கண்ணாயி வாசலில் நின்று சிரித்தாள். அவர்கள் மகள் தலைப்பிரசவத்துக்கு வந்து பெண் பிள்ளை பெற்றிருக்கிறாள். இருபது நாள் ஆகிறது.


மாசி 16, செவ்வாய்

காப்புக் கட்டியாயிற்று. பூசாரி மாதேஸ்வரன் எல்லைக்கல்லுக்கு ஒரு மஞ்சள் கயிறும் வீட்டுக்கு ஒரு கயிறும் கட்டினார். இனி எட்டு நாளைக்குக் கூரைப்புல்லைத் தொடக்கூடாது. பச்சை மரத்தில் கத்தி வைக்கக்கூடாது. எல்லைக்கல்லுக்கு வெளியே தலைவைத்துப் படுக்கக்கூடாது. மீறின வீடு ஏழு ஊருக்கும் ஆகாத வீடு.


மாசி 17, புதன்

இன்று ஏறினேன். செங்கோடன் ஏணியைப் பிடித்தான்.

நான் வருடத்துக்கு ஒரு தடவை ஏறும் இடம். கூரையிலிருந்து கரி நூல் நூலாகத் தொங்குகிறது. சீமாற்றை வைத்ததும் தூசி எழுந்து கண்ணை அடைத்தது. வாயைத் துணியால் கட்டக்கூடாது, இருமக்கூடாது, பேசக்கூடாது. பெட்டியைச் சுற்றி மூன்று முறை, பிறகு மூலைகள், பிறகு விட்டம். குளவிக்கூடு இரண்டு இருந்தது. ஒரு உடைந்த குதிர்மூடி. பாப்பாத்தியின் கிலுகிலுப்பை ஒன்று, அது எப்படி அங்கே போயிற்று என்று தெரியவில்லை. எலி இழுத்திருக்கும். கூட்டி முடித்தால் திரும்பவும் படிகிறது. இந்தக் காற்றில் பொழுதுக்கும் கூட்டினாலும் அப்படித்தான்.

அரைக் கலயம் சேர்ந்தது. வேறொன்றும் இல்லை.


மாசி 18, வியாழன்

நேற்று எழுதியதை அத்தாயியைத் திரும்பப் படிக்கச் சொன்னேன். "வேறொன்றும் இல்லை" என்று படித்து முடித்தாள்.

அது பொய்.

அரிசி மூட்டைக்கும் பெட்டிக்கும் நடுவில் ஒரு எலி செத்துக் கிடந்தது. பெரியது. யாரும் அடித்ததல்ல, பூனை கடித்ததும் அல்ல. வயிறு மேலே பார்த்துக் கிடந்தது. வாயோரம் ரத்தம் காய்ந்திருந்தது. செங்கோடன் கீழே நின்றுகொண்டிருந்தான். அவனுக்குத் தெரியாமல் இலையில் சுருட்டி மடியில் கட்டிக்கொண்டு இறங்கினேன். எருக்குழிக்குப் பின்னால் முழங்கை ஆழம் தோண்டிப் புதைத்தேன்.

பென்சில் நின்றுவிட்டது. எழுதம்மா என்றேன்.

"ஒரு எலிதானுங்களே மாமா" என்றாள். அவள் முகத்தில் அந்தத் தைரியம் இல்லை.

ஒரு எலிதான். சோபகிருது வருடத்திலும் முதலில் ஒன்றுதான்.

பத்தொன்பது வருடம் ஆகிறது. கட்டிக் காய்ச்சலில் பதினோரு பேர் போனார்கள் என்பதோடு ஊரில் பேச்சை முடித்துவிடுவார்கள். எனக்கு நாள் மறக்கவில்லை. மாசி ஒன்பது, சனிக்கிழமை. என் அப்பன் அட்டாலியில், நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு கீழே. மேலிருந்து வால் பிடித்து என் கையில் கொடுத்தார். "அடுப்புல போடு. வாயத் தொறக்காதே" என்றார். போட்டேன். அந்த மயிர் கருகின நாற்றம் இப்போதும் மூக்கில் இருக்கிறது. மறுநாள் இரண்டு. அதற்கடுத்த நாள் ஒன்று. பதினேழாம் தேதி என் பெண்சாதி ராமாயிக்குக் காய்ச்சல். பதினெட்டில் தொடையிடுக்கில் எலுமிச்சங்காய் அளவு கட்டி. இருபதாம் தேதி பொழுது சாய்கையில் போய்விட்டாள். செங்கோடனுக்கு அப்போது எட்டு வயது. இருபத்து மூன்றில் அப்பன். பிறகு எதிர்வீட்டில் மூன்று, கிணற்றடி வீட்டில் இரண்டு, இன்னும் நாலு. எலி விழுந்து எட்டாம் நாள் ஆள் விழுந்தது.

எலியை நாங்கள் மறைத்தது ஊரில் இன்றுவரை யாருக்கும் தெரியாது. இப்போது அத்தாயிக்குத் தெரியும்.

பெட்டி வீட்டு அட்டாலியில் ஒரு உயிர் செத்து விழுந்தால் சாமி அந்த வீட்டைக் கைவிட்டது என்று வைத்துவிடுவார்கள். பெட்டி பங்காளி வீட்டுக்குப் போய்விடும். அப்பனுக்கு அதுதான் பயம். எனக்கு எது பயம்? நோயா? நோய்தான். ஆனால் அதற்கு முன்னால் காளியண்ணன் முகம் வந்து நிற்கிறது. சொல்ல வெட்கமாக இருக்கிறது.

"அவருக்குச் சொல்லட்டுங்களா?" என்று கேட்டாள். செங்கோடனுக்குச் சொன்னால் அவன் மறைக்கமாட்டான்.

ஒன்றுதானே, இரண்டு நாள் பார்க்கலாம் என்றேன். என் அப்பனும் இதே சொல்லைத்தான் சொன்னார். சொன்ன பிறகுதான் ஞாபகம் வந்தது.


மாசி 19, வெள்ளி

இன்று எலி இல்லை.

ஆனால் வேறொன்று நடந்துவிட்டது. எழுதுவதா என்று யோசித்தேன். எழுது.

அத்தாயி ஊற்றுக்குத் தண்ணீருக்குப் போயிருந்தாள். காளியண்ணன் வந்தான், கிண்டல் எதுவும் இல்லாமல்.

"அண்ணா, பேத்தி ராவெல்லாம் அழுவுது. பால வாயில வாங்க மாட்டேங்குது. பெட்டி எறங்கற வரைக்கும் பொறுக்க மனசில்லீங்க. ஒரு சிட்டிகை தூசி குடுத்தீங்கன்னா…" என்றான். பின்னால் கண்ணாயி முந்தானையை ஏந்திக்கொண்டு நின்றாள்.

தராமல் இருக்க என்ன சொல்வது? பெட்டி இறங்காமல் தரக்கூடாது என்று முறை எதுவும் இல்லை. அவன் பாட்டனும் என் பாட்டனும் ஒருவர்தான். தரமாட்டேன் என்றால் ஏன் என்பான். மஞ்சள் கலந்திருக்கிறதே, சாமி பார்த்துக்கொள்ளும் என்று நினைத்தேன். நினைத்தேனா, கை அதற்கு முன்னாலேயே நீண்டுவிட்டதா, தெரியவில்லை. மூன்று விரல் அள்ளிப் போட்டேன். கண்ணாயி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

அத்தாயியிடம் இப்போதுதான் சொல்கிறேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. எழுதிக்கொண்டே இருக்கிறாள்.


மாசி 20, சனி

மூன்று.

எலி இரண்டு அட்டாலியில் அரிசி மூட்டைக்கு அடியில். மூன்றாவது செத்துக் கிடக்கவில்லை. பட்டப்பகலில், அடுப்பங்கரை ஓரமாக, நடுவீட்டுக்கு நடந்து வந்தது. ஆளைப் பார்த்து ஓடவில்லை. குடித்தவன் மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து வட்டம் போட்டது. பாப்பாத்தி கைதட்டிச் சிரித்தாள்.

"அப்பாரு, எலி கூத்தாடுது" என்று என்னைக் கூப்பிட்டாள்.

அதைத் தொடக் கையை நீட்டினாள். அத்தாயி பாய்ந்து வந்து பிள்ளையை ஒரு கையால் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டாள். எலி என் காலுக்கு இரண்டு சாண் தள்ளி மல்லாந்தது. நான் நகரவில்லை.

பிறகு அத்தாயி சொன்னாள். பள்ளிக்கூடத்தில் படம் போட்டுக் காட்டினார்களாம். எலி செத்துக் குளிர்ந்ததும் அதன்மேல் இருக்கிற தெள்ளுப்பூச்சி இறங்கி ஆளைத் தேடிப் போகுமாம். தூசியிலும் துணியிலும் சாக்கிலும் இருக்குமாம். "கட்டி தெள்ளுல இருந்து வருதுங்க மாமா. சாமிகிட்ட இருந்து வரதில்லீங்க."

அந்தக் கலயத்தில் நான் சேர்த்தது எல்லாம் அந்தத் தூசிதான். இன்னும் மூன்று நாளில் பெட்டி இறங்கும். மறுநாள் காலையில் ஏழு ஊருக்கும் புறப்படும். ஏழு ஊரிலும் எத்தனை நெற்றி இருக்கும்? எண்ணத் தொடங்கினேன். எங்கள் ஊர், மேலூர், ஓடைக்கரை… வீடு வீடாக முகம் தெரியும் எனக்கு, பிள்ளைகள் உட்பட. நாற்பதுக்கு மேல் எண்ணமுடியவில்லை.

"சொல்லிப்போடுங்க மாமா."

நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.


மாசி 21, ஞாயிறு

காலையில் பூசாரி வீட்டுக்குப் போனேன். வழியெல்லாம் சொற்களை அடுக்கிக்கொண்டு போனேன். மாதேஸ்வரன் வேப்பிலை கட்டிக்கொண்டிருந்தார். "வாங்க பெட்டியூட்டுக்காரரே" என்றார். எப்போதும் அப்படித்தான் கூப்பிடுவார். அந்தச் சொல்லைக் கேட்டதும் அடுக்கி வைத்தது எல்லாம் சரிந்துவிட்டது.

"என்ன சமாசாரமுங்க?"

"காத்து பலமா அடிக்குது. பந்தலுக்குக் கூட ரெண்டு கால் நட்டா நல்லது" என்றேன். திரும்பி வந்துவிட்டேன். ஐம்பது வருடம் முந்தி நடந்ததைச் சொல் பிசகாமல் சொல்கிற வாய் இது.

வரும் வழியில் காளியண்ணன் வீட்டு வாசலில் நின்றேன். கண்ணாயி பேத்தியை மடியில் போட்டு வெந்நீர் வார்த்துக்கொண்டிருந்தாள். நெற்றியில் மஞ்சளாகத் தூசி. "நேத்திருந்து பால் குடிக்குதுங்க மாமா, எல்லாம் உங்க கைராசி" என்றாள். மிச்சம் முந்தானையில் முடிச்சாகவே இருந்தது. அதைக் கொடு என்று கேட்க நினைத்தேன். எதற்கு என்பாளே.

நாளைக்கு எப்படியும்

(மாமா இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் எழுதவில்லை. அவர் போய் ஊரில் சொல்லிவிட்டு வந்தால் எழுதுவேன். இல்லையென்றால் இந்த நோட்டு இதோடு சரி. அத்தாயி.)


மாசி 22, திங்கள்

எழுதுகிறாள்.

இது வீடு இல்லை, காட்டுக் கொட்டாய். முழங்காலில் நோட்டை வைத்து எழுதுகிறாள். புழுதி பறந்து எழுத்தின்மேல் படிகிறது, ஊதி ஊதி எழுதுகிறாள். நான் முதலிலிருந்து சொல்கிறேன்.

விடிந்ததும் அத்தாயி கூழை வைத்துவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசலில் போய் உட்கார்ந்துகொண்டாள். வெயில் ஏறியும் உள்ளே வரவில்லை. என் வாயை எனக்குத் தெரியும். இன்னொரு தடவை போனாலும் பந்தலைப் பற்றித்தான் பேசும். அதனால் ஏணியை எடுத்து வெளிச்சுவரில் சாய்த்தேன். ஏறினேன். கூரைப்புல்லை முதல் கொத்து உருவிக் கீழே போட்டேன்.

இரண்டாவது கொத்துக்குள் ஆள் சேர்ந்துவிட்டது. காப்புக்குள் கூரையைப் பிரிக்கிறவனை யாரும் பார்த்ததில்லை.

"பெட்டியூட்டுக்காரருக்குப் புத்தி பெரண்டுபோச்சு" என்று ஒரு குரல். செங்கோடன் ஓடிவந்தான்.

"அய்யா, எறங்குங்க. எறங்குங்கய்யா, ஊரே பாக்குது."

"பாக்கட்டும். வெயிலு உள்ள உழுவோணும்" என்றேன். புல்லை இழுக்க இழுக்கத் தூசி என் தலைமேல் கொட்டியது. பயம் போய்விட்டது என்று நினைக்கவேண்டாம். ஆனால் இனித் திரும்பப் போக வழியில்லை, அதுதான் வேண்டியிருந்தது.

பூசாரி வந்து அண்ணாந்து நின்றார். "என்னங்க இது?"

"எலி உழுந்துச்சு" என்றேன். "அட்டாலியில. மொத்தம் நாலு."

கிழடுகள் அப்படியே நின்றார்கள். சோபகிருதுவைப் பார்த்தவர்கள். ஒருத்தி தன் பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பின்னால் போனாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் பின்வாங்கினார்கள். வாசல் முன்னால் காளியண்ணன் மட்டும் நின்றான்.

"எப்ப?"

"புதன்கெழம மொத எலி."

"நான் வெள்ளிக்கெழம கேட்டேன். அப்ப உனக்குத் தெரியுமா?"

அண்ணா போய்விட்டது, மரியாதை போய்விட்டது.

"தெரியும்" என்றேன்.

அவன் கல்லெடுத்து எறிவான் என்று பார்த்தேன். எறியவில்லை. வீட்டைப் பார்த்து ஓடினான். வயசான மனிதன், வேட்டி தடுக்க, ஓடினான். கண்ணாயி முந்தானை முடிச்சை நடுத்தெருவில் உதறிக்கொண்டிருந்ததைக் கூரைமேலிருந்து பார்த்தேன். காற்று அந்தத் தூசியை அவள் மேலேயே திருப்பிக் கொட்டியது.

சோபகிருதுவில் எங்கள் அப்பன் மறைத்ததையும் அங்கேயே சொன்னேன். நானும் மறைத்தேன் என்று சொன்னேன். செங்கோடன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். நான் சொன்னது அவன் அம்மாவுக்கான பதில்.

வீட்டைக் காலி செய்து காட்டில் கொட்டாய் போட்டுத் தங்கவேண்டும், அது எல்லாருக்கும் தெரியும். ஆனால் காடு எல்லைக்கல்லுக்கு வெளியே. காப்பு கட்டியிருக்கிறது. வெளியே படுத்தால் ஊரே ஆகாத ஊராகிவிடும். உள்ளே படுத்தால் செத்துப்போவோம். ஆளுக்கு ஒன்று பேசினார்கள். ஒருவர் இன்னும் இரண்டு நாள்தானே, பெட்டி சுற்றி வரட்டும் என்றார்.

மாதேஸ்வரன் கடப்பாறை கேட்டார். எல்லைக்கல்லைப் பெயர்த்தார். கயிறு அவிழாமல் செங்கோடனோடு நாலு பேர் தூக்கிக்கொண்டு போய், கடைசிச் சாமைக்காட்டுக்கு அந்தாண்டை குழி தோண்டி நட்டார்கள்.

"கல்லு எங்க நிக்குதோ அதுவரைக்கும் ஊரு. இப்பக் காடும் ஊருதான். போய்ப் படுங்க" என்றார். மற்ற ஆறு ஊருக்கும் ஆள் அனுப்பினார், பெட்டி வராது, இங்கே யாரும் வரவேண்டாம் என்று.

அரிசி மூட்டையைச் செங்கோடன் நீளக் கொம்பால் தள்ளிக் கொண்டுபோய்ப் பாறையில் வைத்து எரித்தான். கலயத்தை நான் ஆளுயரக் குழியில் புதைத்தேன். பெட்டி மட்டும் கூரையில்லாத வீட்டில் வெயிலைப் பார்த்துக்கொண்டு இருக்கிறது.


மாசி 23, செவ்வாய்

பெட்டி இறங்கவேண்டிய நாள். மேளம் இல்லை. காற்றுதான்.

செங்கோடன் என்னோடு பேசவில்லை. தோள் வலிக்கிறது என்று அத்தாயியிடம் சொன்னது காதில் விழுந்தது. மூட்டை சுமந்த தோளா? கல் தூக்கின தோளா? கிட்டப் போய்க் கேட்கத் தைரியம் இல்லை. அவன் கையைத் தூக்கும்போதெல்லாம் அக்குளைப் பார்க்கிறேன்.


மாசி 24, புதன்

எலி விழுந்த நாளையும் சேர்த்து எண்ணினால் இன்று எட்டாம் நாள். விட்டுவிட்டு எண்ணினால் நாளை. எப்படி எண்ணவேண்டும்? சோபகிருதுவை எண்ணிப் பார்த்தேன், அங்கே நாளை. அப்படியானால் இன்னும் ஒரு நாள் பயப்படவேண்டும்.

செங்கோடனின் தோள்வலி போய்விட்டதாம். அத்தாயி சொன்னாள். பெரிய மூச்சு விட்டேன், அவளும் விட்டாள்.

காளியண்ணன் கொட்டாய் கடைசியில், மேட்டுக்கு அந்தப் பக்கம். நான் போகக்கூடாது. அத்தாயிதான் தினமும் தூரத்தில் நின்று கேட்டுவருகிறாள்.

"பால் குடிக்குதுங்க மாமா. சிரிக்குதாம்."

ஒரு மாதப் பிள்ளை சிரிக்குமா? எனக்காகச் சொல்கிறாள்.


மாசி 25, வியாழன்

யாருக்கும் இல்லை. என் தொடையை நானே பத்துத் தடவை தொட்டுப் பார்த்தேன்.


மாசி 26, வெள்ளி

கண்ணாயிக்குக் காய்ச்சல்.


மாசி 27, சனி

இடுப்புக்குக் கீழே கட்டி. முந்தானை செருகும் பக்கம்.

பிள்ளையையும் தாயையும் வேறு கொட்டாய்க்கு மாற்றிவிட்டார்கள். கண்ணாயியே சொன்னாளாம், என்னை எட்ட வையுங்கள், பிள்ளையைக் காட்டமட்டும் காட்டுங்கள் என்று. மகள் இருபது அடி தள்ளி நின்று பிள்ளையைத் தூக்கிக் காட்டுகிறாளாம்.

வெள்ளிக்கிழமை அன்று நான் என்ன சொல்லியிருக்கலாம்? "இன்னும் சலிக்கவில்லை" என்று சொல்லியிருக்கலாம். "கலயம் உடைந்துவிட்டது" என்று சொல்லியிருக்கலாம். பொய்தான் சொல்வேன் என்றால் நல்ல பொய்யாக ஒன்று சொல்லியிருக்கலாம். இன்று பத்துப் பதினைந்து பொய் வரிசையாக வருகிறது.


மாசி 29, திங்கள்

காலையில் போய்விட்டாள்.

உச்சிவெயிலில் காளியண்ணன் வந்தான். முப்பது அடி தள்ளி நின்றான். தலையிலும் மீசையிலும் புழுதி. குழி தோண்டின புழுதி. நான் எழுந்து நின்றேன்.

"பேத்தி நல்லா இருக்குது" என்றான். "அதச் சொல்லத்தான் வந்தேன். அவ சொல்லச் சொன்னா, 'மாமா அதே நெனப்பா இருப்பாரு, போய்ச் சொல்லிப்போடுங்க'ன்னு."

நான் வாயைத் திறந்தேன்.

"பேசாதே" என்றான். போய்விட்டான்.


பங்குனி 14

பூசாரியின் தம்பி மகன் ஒருவன் போனான். அதோடு நின்றது. இரண்டு பேர். ஆறு ஊரிலும் ஒருவருக்கும் இல்லை. இன்று கல்லைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்து காப்பை அவிழ்த்தார்கள்.

ஏழு ஊரும் கூடிப் பேசி, பெட்டி இனிக் காளியண்ணன் வீட்டில் இருக்கட்டும் என்றார்கள். நான் மறுக்கவில்லை. அவனும் தலையாட்டவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அட்டாலியில் தூசி விழாத சதுரம் ஒன்று மட்டும் இருக்கிறது. பெட்டி இருந்த இடம்.

செங்கோடன் இன்று "அய்யா, கூழு குடிச்சீங்களா?" என்று கேட்டான். இருபது நாளைக்குப் பிறகு.


ருத்ரோத்காரி வருடம், மாசி 18

அதே காற்று. அதே புழுதி. காப்புக் கட்டி இரண்டு நாள்.

அட்டாலித் தூசியை மூன்று நாள் பாறையில் வெயிலில் பரப்பிய பிறகுதான் கலயத்தில் சேர்க்கவேண்டும் என்று பூசாரி இந்த வருடம் புது முறை சொல்லியிருக்கிறார். கூட்டவேண்டியவன் காளியண்ணன், பெட்டி வீட்டு மூத்த ஆம்பிளை.

மதியம், அத்தாயி நோட்டை எடுக்கிற நேரத்துக்கு, வாசலில் நிழல் தட்டியது. காளியண்ணன். ஒரு வருடமாக என் வாசலை மிதிக்காதவன். ஈர வேட்டி கட்டியிருந்தான். அது காய்ந்துபோயிருந்தது. காலையிலிருந்தே கட்டியிருக்கவேண்டும்.

"ஏணி வெச்சுட்டேன்" என்றான். தரையைப் பார்த்தே பேசினான். "மூணு தடவ கால வெச்சுட்டேன். ஏற முடியலீங்க. அங்க என்னமாச்சும் கெடந்துச்சுன்னா…"

நான் பேசலாமா என்று தெரியவில்லை. அவன் பின்னால் போனேன்.

அவன் பேத்தி நடுவீட்டில் ஏணிக்காலைப் பிடித்துக்கொண்டு தள்ளாடி நின்றது. வயசு ஒன்று ஆகிவிட்டது. அதை ஒரு கையால் விலக்கிவிட்டு ஏறினேன். கண் அட்டாலி மட்டத்துக்கு வந்ததும் மூடிக்கொண்டேன். பிறகு திறந்தேன்.

தூசி. பெட்டி. மூலையில் எலிப்புழுக்கை, புதுசு. பெட்டிக்குப் பின்னால் ஏதோ கறுப்பாக இருந்தது. பார்த்துக்கொண்டே இருந்தேன். அசையவில்லை. கீழே காளியண்ணன் மூச்சு விடுவது கேட்டது. சீமாற்றுக் காம்பால் பெட்டிமேல் ஒரு தட்டுத் தட்டினேன்.

துள்ளி எழுந்து விட்டத்தில் ஏறி, என் முகத்துக்கு ஒரு முழம் தள்ளி நின்று மீசையை ஆட்டிப் பார்த்துவிட்டு, கூரைப்புல்லுக்குள் விர்ரென்று போய்விட்டது.

"ஓடுது" என்றேன்.

கீழே எட்டிப் பார்த்தேன். காளியண்ணன் தரையில் உட்கார்ந்து பேத்தியை மடியில் இழுத்துப் போட்டிருந்தான்.

"நல்லா ஓடுச்சுங்களா அண்ணா?"

"நல்லா ஓடுச்சு. கொழுத்த எலி."

இறங்கிச் சீமாற்றை அவன் கையில் கொடுத்தேன். வேட்டியை மறுபடி நனைத்துக்கொண்டு வந்தான். அவன் ஏறினான். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன்.